அறையின் அளவு: பழைய ஜெர்மன் வேட்டைத் துப்பாக்கிகளும் தோட்டாக் கூடுகளின் மறுஆக்கமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கும் இரண்டாம் உலகப்போருக்கும் இடைப்பட்ட காலத்தில், ஜெர்மனியின் தூரிங்கிய மலைப்பகுதியில், குறிப்பாக ஸூல், ட்செல்லா-மேலிஸ் ஆகிய ஊர்களின் பட்டறைகளில் உருவான வேட்டைத் துப்பாக்கிகளில் பல இன்றும் பழுதின்றி இருக்கின்றன. அவற்றின் எஃகுக் குழல்கள் தேயவில்லை. பூட்டுகளும் வில்களும் இயங்குகின்றன. வாதுமைக் கட்டைகளின் செதுக்கு வேலைப்பாடும் மங்கவில்லை. ஆயினும் அவற்றுள் கணிசமானவை வாயடைத்துக் கிடக்கின்றன, ஏனெனில் அவற்றுக்குரிய தோட்டாவைச் செய்த ஆலைகள் மறைந்துவிட்டன அல்லது அந்த அளவைக் கைவிட்டுவிட்டன. துப்பாக்கி நூற்றாண்டுக்கு நிற்கும் பொருள். தோட்டாவோ சுட்டதும் தீரும் பொருள். இந்த இரண்டின் ஆயுள்வேறுபாட்டிலிருந்துதான் தோட்டாக் கூட்டைப் புதிதாக ஆக்கும் நுண்தொழில் பிறந்தது. உலோக வேலையாகத் தோற்றமளிக்கும் இத்தொழிலின் பெரும்பகுதி உண்மையில் வாசிப்பு வேலை என்பதையும், பெயரும் முத்திரையும் கைவிடும் இடத்தில் துப்பாக்கியின் அறையே இறுதிச் சான்றாக எஞ்சுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

கூட்டின் பணி

தோட்டா என்பது நான்கு உறுப்புகளின் சேர்க்கை: முன்னே பறக்கும் குண்டு, அதைத் தள்ளும் வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், இம்மூன்றையும் ஒன்றாகப் பிடித்துவைக்கும் கூடு. பார்வைக்குக் கூடு வெறும் கொள்கலன். செயலில் அது துப்பாக்கியின் பின்வாயை அடைக்கும் மூடி. மருந்து எரிந்து அழுத்தம் எழும் கணத்தில் கூட்டின் மெல்லிய சுவர் விரிந்து, குழலின் பின்முனையில் தோட்டாவுக்கெனக் குடையப்பட்ட ‘அறை’யின் சுவரோடு ஒட்டிக்கொள்வதால், எரிவாயு பின்னோக்கிக் கசிவதில்லை, அழுத்தம் தணிந்ததும் சுவர் இம்மியளவு சுருங்கி அறையைவிட்டு விலகுவதால், வெறுங்கூடு எளிதாக வெளியே வருகிறது. விரியவும் வேண்டும், மீளவும் வேண்டும் என்னும் இந்த இரட்டைத் தேவைக்கு மிகப் பொருந்திய உலோகமாகப் பித்தளை நிலைபெற்றது.

ஜெர்மன் வேட்டைத் துப்பாக்கிகளின் அமைப்பு இதனோடு இன்னொரு தேவையைச் சேர்த்தது. அவற்றுள் பல நடுவில் மடிந்து திறக்கும் ‘கிப்லாவ்ஃப்’ வகையைச் சேர்ந்தவை. ஒரே கட்டையில் இரண்டு ரவைக் குழல்களும் ஒரு ரைபிள் குழலும் அமைந்தது ‘டிரில்லிங்’. ஒரே பிரசவத்தில் பிறந்த மூவரையும் ஜெர்மன் மொழி இதே சொல்லால்தான் குறிக்கிறது. ஒரு ரவைக் குழலும் ஒரு ரைபிள் குழலும் இணைந்தது ‘பூக்ஸ்ஃபிளிண்டெ’. முயலும் காட்டுப்பன்றியும் மானும் ஒரே நாளில் எதிர்ப்படக்கூடிய காட்டில், ஒரே துப்பாக்கியோடு நடக்கும் வேட்டைக்காரனுக்காக இவை உருவாயின. மடிந்து திறக்கும் இத்தகைய துப்பாக்கிகளில் கூட்டை வெளியே தள்ளும் உறுப்பு பற்றிக்கொள்வதற்கு, அடிப்பகுதியில் வெளியே நீட்டிய விளிம்பு இருப்பது வசதி. அவ்விளிம்பின் தடிப்பே தோட்டா அறைக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. தோட்டாப் பெயரின் இறுதியில் வரும் ‘ஆர்’ என்னும் எழுத்து, விளிம்பைக் குறிக்கும் ‘ரான்ட்’ என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். ஆகவே 9.3×72ஆர் என்றால், பெயரளவில் 9.3 மில்லிமீட்டர் குண்டும் 72 மில்லிமீட்டர் நீளக் கூடும் கொண்ட, விளிம்புடைய தோட்டா என்று பொருள்.

அளவுகள் பெருகிய வரலாறு

இராணுவத்துக்கு ஒரே அளவு தேவை. வேட்டைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தூரிங்கியாவில் பெரிய நிறுவனங்களோடு சிறு பட்டறைகளும் குடும்பத் தொழிலாளர்களும் பெருகியிருந்தனர். 1751இல் ஸூலில் தொடங்கிய ஜே.பி.சாவர் நிறுவனம் போன்றவை ஒருபுறம், குழல் துளைப்பவர், பூட்டுச் செய்பவர், செதுக்குபவர் என்று பிரிந்து உழைத்த கைவினைஞர் மறுபுறம். வாடிக்கையாளரின் விருப்பத்துக்கேற்பத் துப்பாக்கி செய்யும் இச்சூழலில் தோட்டா அளவுகளும் பெருகின. ஆங்கிலேயத் தோட்டாக்களைப் பின்பற்றியவை, இராணுவத் தோட்டாவின் கூட்டுக்கு விளிம்பு சேர்த்தவை, ஒரே வாய்விட்டத்தில் நீளத்தை மட்டும் மாற்றியவை எனக் கிளைகள் பல. 9.3 மில்லிமீட்டர்க் குடும்பத்தில் மட்டுமே 57, 72, 82 மில்லிமீட்டர் நீளக் கூடுகள் இருந்தன. இதற்கு மாறாக, பெர்லின் துப்பாக்கிக்காரர் ஓட்டோ போக் 1905இல் உருவாக்கிய 9.3×62 தோட்டா ஒரே மனிதரின் வடிவமைப்பாக, தெளிவான பிறப்புச் சான்றோடு உலகெங்கும் பரவியது. விளிம்புடைய பழைய அளவுகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

இப்பெருக்கத்தின் அளவை ஆலைகளின் எண்முறையிலிருந்து உணரலாம். கார்ல்ஸ்ரூவில் இயங்கிய தோட்டா ஆலை 1896இல் லுட்விக் லோவெ நிறுவனத்தோடு இணைந்து ‘டாய்ச்செ வாஃபென் உன்ட் முனிட்சியோன்ஸ்ஃபாப்ரிக்கென்’ என்ற பெயரைப் பெற்றது; சுருக்கமாக டி.டபிள்யூ.எம். அது ஒவ்வொரு கூட்டு வடிவத்துக்கும் ஓர் எண்ணை வழங்கி, சிறு மாற்றங்களுக்கு எழுத்தைச் சேர்த்தது. 7.63 மில்லிமீட்டர் மவுசர் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 403, 9 மில்லிமீட்டர் பாரபெல்லத்துக்கு 480 என்று அந்த வரிசை ஓடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே ஒரே ஆலையின் பட்டியல் ஐந்நூறை நெருங்கியது என்பதே, அழிந்துபோன அளவுகளின் தொகை எத்தகையது என்பதைக் காட்டப் போதுமானது.

குழலில் பதிந்த எண்கள்

தன்னிடமுள்ள துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா என்று அறிய விரும்புபவர் முதலில் நாடுவது குழலின் அடியில் பதிந்துள்ள முத்திரைகளை. துப்பாக்கிகளைக் கட்டாயமாகச் சோதனை வேட்டுக்கு உட்படுத்தும் ஜெர்மன் சட்டம் 1891 மே மாதம் இயற்றப்பட்டு, 1893 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அதிக மருந்திட்டுச் சுட்டுப் பார்த்த குழலில் மகுடமும் அதன் கீழ் ஓர் எழுத்தும் பொறிக்கப்பட்டன: ‘யு’ என்பது சோதனைக்குப் பின் செய்த பார்வையிடலையும், ‘ஜி’ என்பது சுருள்வரி கொண்ட ரைபிள் குழலையும், ‘எஸ்’ என்பது ரவைக் குழலையும், ‘டபிள்யூ’ என்பது முனை குறுகிய ரவைக் குழலையும் குறித்தன.

இவற்றோடு காணப்படும் 108.49, 172.28 போன்ற எண்கள்தாம் இன்றைய உரிமையாளரைக் குழப்புபவை. அவை தோட்டாவின் பெயரல்ல, மில்லிமீட்டரும் அல்ல. ஒரு பவுண்டு ஈயத்திலிருந்து அக்குழலின் துளைக்குச் சமமான உருண்டைகள் எத்தனை வார்க்கலாம் என்னும் பழைய ‘காஜ்’ கணக்கே அவை. ரவைத் துப்பாக்கியை 12, 16 என்று அழைக்கும் வழக்கமும் இதே கணக்கிலிருந்து வந்தது. 16 காஜ் துளைக்குரிய ஈய உருண்டை ஒரு பவுண்டில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சரியாக ஓர் அவுன்ஸ் எடை கொண்டது. இந்தக் கணக்கை விட்டமாக மாற்றினால் 108.49 என்பது 0.350 அங்குலம், அதாவது 8.89 மில்லிமீட்டர்; 172.28 என்பது 0.300 அங்குலம், அதாவது 7.62 மில்லிமீட்டர். சோதனைச் சாலையில் பணியாளர் படிப்படியாகப் பருமன் கூடும் அளவுத் தண்டுகளைக் குழலுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளே நுழைந்தவற்றுள் பெரிய தண்டின் எண்ணைப் பொறித்தார். அடுத்தடுத்த தண்டுகளுக்கிடையே நூற்றில் ஒரு பங்கு அங்குல வேறுபாடு இருந்ததால், உண்மை விட்டம் பொறித்த எண்ணுக்கும் அதற்கடுத்த எண்ணுக்கும் இடையில் எங்கும் இருக்கலாம். மேலும் அந்த எண் சுருள்வரியின் மேடுகளுக்கிடையே உள்ள துளையைச் சொல்கிறதே தவிர, குண்டு நிரப்பவேண்டிய பள்ளங்களின் விட்டத்தைச் சொல்வதில்லை; கூட்டின் நீளத்தைப் பற்றியோ வடிவத்தைப் பற்றியோ அது பேசுவதே இல்லை. 57 மில்லிமீட்டர்க் கூட்டுக்கும் 72 மில்லிமீட்டர்க் கூட்டுக்கும் குடைந்த இரு குழல்களில் ஒரே 108.49 பதிந்திருக்க முடிவது இதனால்தான். முதலாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் மில்லிமீட்டர் அளவு வழக்கத்துக்கு வந்து, கூட்டு நீளமும் சேர்த்துப் பொறிக்கப்பட்டபோது இக்குழப்பம் குறைந்தது, முற்றிலும் நீங்கவில்லை.

வெற்றிடத்தை வார்த்தெடுத்தல்

முத்திரை சொல்லாததை அறை சொல்கிறது. ஆனால் அறை என்பது ஒரு வெற்றிடம். அதை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், அதனுள் உருகிய பொருளை ஊற்றி, இறுகியபின் வெளியே எடுத்து, அந்த வார்ப்பை நுண்ணளவுமானியால் அளப்பது வழக்கம். உருக்கிய கந்தகத்தை ஊற்றும் முறை ஜெர்மன் துப்பாக்கிக்காரரிடம் நெடுங்காலம் நிலவியது. பிஸ்மத்தை முதன்மையாகக் கொண்டு, கொதிநீரின் வெப்பத்துக்கும் குறைவாகவே உருகும் கலப்புலோகம் இன்று பரவலாகப் பயன்படுகிறது. அது குளிரும்போது முதலில் சற்றே சுருங்கி அறையைவிட்டு எளிதாக வெளிவந்து, பிறகு மெல்ல விரிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அறையின் உண்மை அளவுக்குத் திரும்புகிறது. அந்த நேரத்தைக் கணக்கிட்டே அளவெடுக்க வேண்டும். குழலின் துளையை அறிய, எண்ணெயிட்ட குழலுக்குள் மென்மையான தூய ஈயக் கட்டி ஒன்றைத் தள்ளி மறுமுனையில் எடுப்பர். மேடும் பள்ளமும் அதன்மேல் பதிந்திருக்கும்.

இவ்வாறு கிடைக்கும் அளவுகளுள் அடிப்பகுதியின் விட்டம், விளிம்பின் விட்டமும் தடிப்பும், கூட்டின் நீளம், கழுத்தின் விட்டம் ஆகியவை முதன்மையானவை. இவற்றைப் பழைய ஆலைப் பட்டியல்களின் படங்களோடு ஒப்பிடும்போதுதான் துப்பாக்கிக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. சில வேளைகளில் எந்தப் பெயரும் பொருந்துவதில்லை. விளிம்பின் வடிவமும் இங்கே சான்றாகிறது. 1871ஆம் ஆண்டு மவுசர் இராணுவ ரைபிளின் தோட்டாவில் காணப்படும் அடியமைப்பு, மெல்லிய விளிம்பும் நடுவில் மேலெழுந்த அடிவட்டமும் கொண்டது. போட்டிச் சுடுதலுக்குப் பெயர்பெற்ற 8.15×46ஆர் தோட்டாவின் தொடக்ககால வடிவமும் இத்தகையதே. அந்த அடிக்கேற்பப் பின்கட்டை குடையப்பட்ட துப்பாக்கியில், சமதள அடியும் தடித்த விளிம்பும் கொண்ட பிற்காலக் கூட்டை வைத்தால் மூடவே முடியாது.

பித்தளையின் இயல்பு

தோட்டாக் கூட்டுக்குரிய பித்தளை எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்தது. செம்போடு துத்தநாகம் கூடக்கூட வலிமை கூடினாலும், ஓர் எல்லையைத் தாண்டியதும் உலோகத்தின் படிக அமைப்பே மாறிக் குளிர்நிலையில் வளையாத தன்மை வந்துவிடுகிறது; இழுபடும் தன்மையும் வலிமையும் ஒருங்கே உச்சத்தில் நிற்கும் இடம் இந்த எழுபது-முப்பது விகிதம். ஆலையில் கூடு வட்டத் தகடாகத் தொடங்குகிறது. அத்தகட்டை அச்சில் அழுத்திக் கிண்ணமாக்கி, கிண்ணத்தை மேலும் மேலும் குறுகிய அச்சுகளின் வழியே தள்ளி நீண்ட குழாயாக்கி, அடியைத் தட்டித் தட்டையாக்கி, விளிம்பைக் கடைந்து, வாயை ஒடுக்கி முடிக்கின்றனர். ஒவ்வொரு இழுப்பிலும் பித்தளை இறுகிக் கடினமாவதால், இடையிடையே அதைச் சுட்டு இளக்காவிட்டால் அடுத்த இழுப்பில் கிழிந்துவிடும். முடிவில் கிடைக்கும் கூடு ஒரே பித்தளையாலானதாயினும் ஒரே தன்மையுடையதல்ல: அடி தடித்தும் கடினமாகவும், வாய் மெலிந்தும் மென்மையாகவும் இருக்கும். இந்தப் படிப்படியான வேறுபாடுதான் கூட்டின் உயிர்.

அதனாலேயே இளக்கும் வேலையில் கவனம் வாய்ப்பகுதியோடு நிற்க வேண்டும். வடிவம் மாற்றும்போது கழுத்து இறுகுவதால் அதைச் சில நூறு டிகிரி வெப்பத்துக்குக் கொண்டுசென்று இளக்குகின்றனர். அவ்வேளையில் கூட்டின் அடிப்பகுதியைத் தண்ணீரில் நிறுத்திவைப்பது பழைய வழக்கம். அடியும் சூடேறி இளகிவிட்டால், அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடமே வலுவிழக்கும். பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாமலே அக்கூடு ஆபத்தானதாகிவிடும்.

இறுக்கத்தோடு வாழும் பித்தளைக்கு நேரும் கேட்டை உலகுக்கு உணர்த்தியது இந்தியா. பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தின் தோட்டாக்கள் மழைக்காலத்தில், சுடப்படாமலே, கழுத்தில் தாமாகப் பிளந்து காணப்பட்டன; அதனால் இக்கேட்டுக்குப் ‘பருவ வெடிப்பு’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயர் நிலைத்தது. குதிரை லாயங்களில் சாணமும் சிறுநீரும் அழுகி எழும் அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து, உள்ளிறுக்கம் தணியாத பித்தளையைத் தாக்குவதே காரணம் என்பதை மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் ஆகியோர் 1921இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. பழைய ஜெர்மன் கூடுகளை மீண்டும் பயன்படுத்த முனைபவருக்கு இதனோடு வேறொரு கேடும் உண்டு. அக்காலப் பிரைமர்களில் இருந்த பாதரசச் சேர்மம் சுடும்போது பாதரசத்தை விடுவித்து, அது பித்தளையோடு கலந்து அதை நொறுங்கச் செய்கிறது. 1920களின் பிற்பகுதியில் ஆர்.டபிள்யூ.எஸ். என்னும் ஜெர்மன் தோட்டா நிறுவனம் கொண்டுவந்த ‘சினாக்சிட்’ பிரைமர் பாதரசத்தையும், குழலைத் துருப்பிடிக்கச் செய்யும் குளோரேட் உப்பையும் தவிர்த்தது. அதற்கு முந்தைய கூடுகளோ எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நம்பத்தக்கவை அல்ல. பழைய கூட்டைக் காப்பாற்றுவதைவிடப் புதிய பித்தளையிலிருந்து தொடங்குவதே மேல் என்று தொழிலறிந்தவர் கருதுவதன் அடிப்படை இதுவே.

எதிலிருந்து எது ஆகும்

கிடைக்காத கூட்டைக் கிடைக்கும் கூட்டிலிருந்து ஆக்குவதற்கு உலோகமே மூன்று விதிகளை வகுத்துள்ளது. கூட்டின் நீளத்தை வெட்டிக் குறைக்கலாம், கூட்ட முடியாது. ஆகவே மூலக்கூடு நீளத்தில் சமமாகவோ மிகுந்தோ இருக்க வேண்டும். விளிம்பைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து சிறிதாக்கலாம், பெரிதாக்க முடியாது. ஆகவே அதன் விளிம்பும் மிகுந்திருக்க வேண்டும். சுவரை அச்சிலிட்டு ஒடுக்கவோ, அறைக்குள் சுட்டு விரிக்கவோ முடிந்தாலும், தடித்த அடிப்பகுதி அதற்கு இடங்கொடாது. ஆகவே அடியின் விட்டம் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும்.

இவ்விதிகளின் பயனை இரண்டு எடுத்துக்காட்டுகள் தெளிவாக்கும். 8.15×46ஆர் கூட்டின் அடி ஏறத்தாழ 10.7 மில்லிமீட்டர், விளிம்பு 12.3 மில்லிமீட்டர். அமெரிக்காவில் எங்கும் கிடைக்கும் .30-30 வின்செஸ்டர் கூட்டின் அடியும் 10.7 மில்லிமீட்டர், நீளம் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர், விளிம்பு 12.8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மூன்று விதிகளும் நிறைவேறுகின்றன. விளிம்பைக் கடைந்து, நீளத்தை வெட்டி, அச்சில் வடிவமைத்தால் ஜெர்மன் போட்டித் துப்பாக்கிக்குரிய கூடு உருவாகிறது. 9.3×72ஆர் கூட்டின் அடி 10.8 மில்லிமீட்டரை ஒட்டியது; .30-30இன் அடி இதற்கும் நெருக்கமே, ஆனால் நீளம் இருபது மில்லிமீட்டர் குறைவு. நீளத்தில் பொருந்தும் 9.3×74ஆர் கூட்டின் அடியோ 11.9 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட அந்த மிகையை எந்த அச்சாலும் ஒடுக்க முடியாது, கடைந்து எடுத்தால் அடியின் வலுவே போய்விடும். இரண்டு தோட்டாக்களின் பெயரிலும் 9.3 இருப்பதால் உறவு இருப்பதாகத் தோன்றினாலும், உலோகக் கணக்கில் அவை அயலார். 9.3×72ஆர் இன்றும் ஐரோப்பிய ஆலையில் செய்யப்படுவது அதன் உரிமையாளர்களின் நற்பேறு. அந்த நற்பேறு வாய்க்காத நீண்ட கூடுகளுக்கு எஞ்சும் வழி, முழுப் பித்தளைத் தண்டிலிருந்து ஒவ்வொரு கூட்டையும் தனித்தனியே கடைந்தெடுப்பது. அளவில் அது துல்லியமாக அமையும். எனினும் இழுத்து இறுக்கிய கூட்டின் அடி-வாய் வேறுபாடு அதில் தானாக வருவதில்லை.

மறுஆக்கத்தில் நுழையும் மற்றொரு மாற்றம் பிரைமர் சார்ந்தது. பழைய ஜெர்மன் கூடுகள் பெர்டான் முறையில் அமைந்தவை: பிரைமர் மோதி நசுங்கும் கூர்மேடு கூட்டின் அடியிலேயே இருக்கும், தீ செல்லும் துளைகள் அதன் இருபுறமும் இருக்கும். பாக்ஸர் முறையில் அந்தக் கூர்மேடு பிரைமரின் உள்ளேயே இருப்பதால், கூட்டின் நடுவில் ஒரே துளை போதும். சுட்டபின் பிரைமரை மாற்றுவதும் எளிது. பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் ஐரோப்பா முன்னவரின் முறையையும் அமெரிக்கா பின்னவரின் முறையையும் ஏற்றுக்கொண்டன. அமெரிக்கப் பித்தளையிலிருந்து ஆக்கிய ‘ஜெர்மன்’ கூட்டின் அடியைப் பார்த்தாலே அதன் பிறப்பு தெரிந்துவிடும்.

எட்டு மில்லிமீட்டரும் பதினாறு காஜும்

கூடு சரியாக இருந்தாலும் தோட்டா தவறாக இருக்க முடியும் என்பதற்கு 8×57 குடும்பமே சான்று. 1888இல் ஜெர்மன் இராணுவம் ஏற்ற தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 8.1 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வந்த கூர்முனைக் குண்டு 8.2 மில்லிமீட்டர். முன்னதன் வேட்டை வடிவம் காலாட்படையைக் குறிக்கும் ‘ஐ’ எழுத்தோடு 8×57ஐஆர் என்றும், பின்னதன் வடிவம் ‘எஸ்’ சேர்ந்து 8×57ஐஆர்எஸ் என்றும் வழங்கின. பழைய ஜெர்மன் அச்செழுத்தில் ‘ஐ’யும் ‘ஜே’யும் ஒரே வடிவில் இருந்தமையால் உலகம் அதை ‘ஜே’ என்று வாசித்தது. அந்தப் பிழை தோட்டாப் பெட்டிகளிலும் ஏறி இன்றுவரை நீடிக்கிறது. பெயரில் ஓர் எழுத்தாகத் தெரியும் இவ்வேறுபாடு குழலுக்குள் பத்தில் ஒரு மில்லிமீட்டர். பழைய குறுகிய குழலுக்குள் புதிய பருத்த குண்டை உயர் அழுத்தத் தோட்டா தள்ளும்போது, துப்பாக்கி தாங்கும்படி சோதிக்கப்பட்ட எல்லை மீறப்படலாம். இதே இடர் வேறு வழியிலும் நேரும். அகன்ற கூட்டை ஒடுக்கிக் கழுத்தாக்கும்போது அவ்விடத்துப் பித்தளை தடிக்கிறது. தடித்த கழுத்து அறையின் சுவரை முட்டிநின்றால், குண்டை விடுவிக்க விரிவதற்கு இடமின்றி அழுத்தம் ஏறுகிறது. அதனால் கழுத்தின் உட்புறத்தையோ வெளிப்புறத்தையோ சுரண்டி மெலிவிப்பது கட்டாயமாகிறது.

டிரில்லிங்கின் ரவைக் குழல்களிலும் இத்தகைய மறைவான பொறி உண்டு. பழைய ஜெர்மன் 16 காஜ் அறைகள் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர் நீளமுள்ளவை. பின்னர் பொதுவான தோட்டாவோ, சுட்டு விரிந்தபின் 70 மில்லிமீட்டர். வாய் மடித்து அடைத்த நிலையில் அது பழைய அறைக்குள் தடையின்றி நுழைந்துவிடும். சுட்டபின் மடிப்பு விரிய இடமின்றிக் குழலின் குறுகிய தொடக்கத்தை நெருக்கும். நுழைகிறது என்பது பொருந்துகிறது என்பதற்குச் சான்றாகாது.

எதைத் திருத்துவது

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஸூலை அடைந்தது. ஜூலையில் அப்பகுதி சோவியத் கட்டுப்பாட்டுக்கு மாறியது. போரின் இறுதியில் ஜெர்மானியர் ஒப்படைத்த வேட்டைத் துப்பாக்கிகள் பல, படைவீரர்களின் நினைவுப் பொருள்களாக அட்லாண்டிக்கைக் கடந்தன. அவற்றோடு தோட்டா போகவில்லை, பட்டியலும் போகவில்லை. எனவே அங்கே பலர் எளிய வழியை நாடி, கிடைக்கும் தோட்டாவுக்கேற்ப அறையை அகலக் குடைந்தனர். அப்படிக் குடைந்த துப்பாக்கி சுடத்தக்கதாகியிருக்கலாம். ஆனால் அதன் சுவரிலிருந்து ஓர் எஃகுப் படலத்தோடு, எந்தத் தோட்டாவுக்காக அது பிறந்தது என்னும் கடைசிச் சான்றும் துருவலாக உதிர்ந்துவிட்டது. அதன் மேலுள்ள சோதனை முத்திரையும் அன்றோடு செல்லாததாயிற்று, ஏனெனில் அது சான்றளித்தது வேறோர் அறைக்கு.

கூட்டைத் துப்பாக்கிக்கேற்ப ஆக்குவது இதற்கு நேர்மாறான வழி. அதில் பிழை நேர்ந்தால் இழப்பு ஒரு பித்தளைக் கூடு மட்டுமே. அறை இருந்தபடியே இருக்கும், வேறொருவர் மீண்டும் வார்த்து அளக்கலாம். சுடுவதே நோக்கமாக இல்லாத அருங்காட்சியகத்துக்கும் இது பொருந்தும்: பட்டியல்களில் பெயரின்றிப் போன ஓர் அளவு, நூறாண்டுக்கு முன் குடைந்த வெற்றிடத்தில் பதிந்து, அதை அளந்து பித்தளையில் வடிப்பவருக்காகக் காத்திருக்கிறது.